கயிற்றைக் கட்டியது நான், வரியை வெட்டியது நீங்கள்

என் பாட்டின் வரிகளை வெட்டியது வார்டு ஆபீஸ் இல்லை. நீங்கள்தான், செயலாளர் அண்ணே. வெட்டிவிட்டு என்னிடம் வேறு கதை சொன்னீர்கள். நான் நம்பினேன். என்னை நம்பித் தன்லியின் ஊரிலிருந்து வந்த ஒரு பெண், அந்தக் கதையால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனாள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நடந்தது தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து எழுதுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. பதினாலு வருஷமாக, இங்கே பர்மாவில், லைங் தாயா பேட்டையில் தையல் கம்பெனி வேலை. நான் தைக்கிறவள் இல்லை, செக்கர். தைத்து வருகிற சட்டையைப் புரட்டிப் பார்த்து, தப்பு இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் பிய்க்க மாட்டேன். இந்தக் குணத்தால் எனக்கு அங்கே சிநேகிதர்கள் குறைவு.

இருந்த ஒரு சிநேகிதி செத்துப் போனாள். அவளைப் பற்றித்தான் அந்தப் பாட்டு.

பாட்டு என்று சொல்வதும் சரியில்லை. தண்ணீர்த் திருவிழா சமயத்தில் பர்மாக்காரர்கள் தன்ஜாட் என்று ஒன்று செய்வார்கள். ஒருவர் முன்னால் நின்று ஒரு வரியைக் கத்துவார். பின்னால் நிற்கிற கூட்டம் டோல் அடித்துக்கொண்டு பதில் கத்தும். பஸ்காரன், வீட்டுக்காரன், மாமியார், மழைத் தண்ணீர் நிற்கிற ரோடு என்று எதையும் கிண்டல் செய்யலாம். ராகம் கிடையாது. மேளத்தின் மேல் ஏறி நின்று பேசுகிற பேச்சு அது. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் கோயில் கும்மியும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து, உறுமி மேளத்தோடு தமிழில் ஒரு தன்ஜாட் கட்டினேன். நாலு வருஷமாக எங்கள் பகுதியான தின்கன்ஜூனில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்துகிற நாட்டுப்புறக் கலை விழாவில் அதைச் சொல்லி வருகிறேன். சிலம்பம், கரகம் எல்லாம் முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு, ஜனங்கள் தூங்கி வழிகிற நேரத்தில் என்னைப் போடுவார்கள். எழுப்பிவிடுவதற்கு.

என் கூடப் பதில் சொல்ல மூன்று பெண்கள். ஒருவர் சந்தையில் சோற்றுக்கடை வைத்திருக்கிற அக்கா. ஒருவர் கோயில் தமிழ் வகுப்பு டீச்சர். மூன்றாவது என்னோடு வேலை செய்கிறவள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தமிழ் வரிகளைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வாள். உறுமி அடிக்கிறவர் டாக்ஸி ஓட்டுகிற அண்ணன். வரிகளை அவர் காதில் வாங்குவதே இல்லை. எத்தனையாவது அடி என்று மட்டும் எண்ணுவார். எங்களுக்கும் அதுதான் பழக்கம். உறுமி மாறினால் பதிலும் மாறும். வேகமாக அடித்தால் "ஆமா, ஆமா". இழுத்து உறுமினால் "யாரு கேட்டா?" சோற்றுக்கடை அக்கா சொல்வார்: "நீ பாட்டுக்கு என்னத்தையாவது கத்து. நாங்க மேளத்தைக் கேட்டுக்கறோம்."

இந்த வருஷம் கட்டியது ஃபெரியைப் பற்றி. இங்கே தொழிலாளர்களை ஏற்றிப் போகிற பஸ்ஸுக்கு ஃபெரி என்று பெயர். எங்கள் பகுதியிலிருந்து லைங் தாயாவுக்குப் போகிற ஃபெரிகள் பல எங்கள் சங்கத்துப் பெரிய மனிதர் ஒருவருடையவை. சங்க மண்டபத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் அவர். விழாவுக்கு முன்வரிசையில் நடு நாற்காலி அவருடையது.

நாங்கள் போன அவருடைய ஃபெரியில் கதவுத் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. டிரைவர் ஒரு நைலான் கயிற்றைக் கொடுத்திருந்தார். கடைசியாக ஏறுகிறவர் கதவை இழுத்துச் சாத்தி, கம்பியில் கயிற்றைச் சுற்றிக் கட்ட வேண்டும். யாரும் போட்ட சட்டம் இல்லை. அப்படியே பழகிவிட்டது. "தாழ்ப்பாள் எப்ப போடுவீங்க?" என்று ஒரு நாளும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சட்டையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற நான், கதவைப் பார்த்துக்கொண்டு தினமும் போய் வந்தேன்.

அன்று கடைசியாக ஏறியது நான். எழுந்ததே தாமதம். ஃபெரி நகர ஆரம்பித்திருந்தது. கதவை இழுத்து ஒரே ஒரு முடிச்சுப் போட்டேன். என் சிநேகிதி படியில் உட்கார்ந்து சின்னக் கண்ணாடியைப் பார்த்துக் கன்னத்தில் தனகா, மரப்பட்டை அரைத்த பூச்சு, பூசிக்கொண்டிருந்தாள். "என்னா முடிச்சு இது, தலை முடிச்சா?" என்று என்னைக் கேலி செய்தாள். "போடி, நீ பூசுறதைப் பூசு" என்றேன். அவளிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு இது. பாலம் இறங்கி வளைகிற இடத்தில் கயிறு அவிழ்ந்தது. கதவு வெளிப்பக்கம் விரிந்தது. தனகா டப்பா என் காலடியில் உருண்டது. அவள் இல்லை.

அவள் உடலைக் கொண்டுபோன ஆஸ்பத்திரிக்குப் பஸ்காரர்களிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. பஸ் நிற்பதற்கு முன்னால் தானாகக் குதித்தார் என்று அதில் எழுதியிருந்தது. டிரைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியாது. வேலை போய்விடும் என்று பயந்தேன். முடிச்சுப் போட்டது நான் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன். ஒன்றரை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வேறு கம்பெனிக்கு மாறிய பிறகுதான் வாய் திறந்தது. இதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

அந்த ஒன்றரை வருஷத்தில் தன்லியினில் அவள் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியாது. அவள் தங்கை ஒரு நாள் என்னைத் தேடி வந்து சொன்னாள். குதித்தார் என்கிற ஒரு சொல், அவர்கள் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரிதாகிவிட்டது. எவனோ ஏமாற்றிவிட்டான், அதனால் குதித்துவிட்டாள் என்று ஆகிவிட்டது. அவளுடையது நல்ல சாவு இல்லை என்று பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெருவில் பாதிப் பேர் வரவில்லை. அவள் அம்மா அதற்குப் பிறகு வாசல் தாண்டுவதில்லை.

"அக்கா, நீங்க பக்கத்துல இருந்தீங்க. அவ குதிச்சாளா?" என்று தங்கை கேட்டாள்.

"இல்ல. கயிறு அவிழ்ந்துச்சு. கட்டினது நான்."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பிறகு, "இதை எங்க தெருக்காரங்க முன்னால சொல்லுவீங்களா?" என்றாள்.

"விழா மேடையில சொல்றேன். எல்லாரும் கேக்கட்டும். உங்க தெருவுல யாரைக் கூட்டிட்டு வரணுமோ கூட்டிட்டு வா."

நான் கொடுத்த வாக்கு இதுதான். அதற்காகக் கட்டியது நாலு வரி. நீங்கள் வெட்டிய அந்த நாலு வரியை இங்கே எழுதுகிறேன்:

தாழ்ப்பா போயி மாசம் ரெண்டு —
யாரு கேட்டா? யாரு கேட்டா?
கயிறு ஒண்ணு கதவுக்கு உண்டு —
யாரு கேட்டா? யாரு கேட்டா?
கட்டினது இந்தக் கையி —
யாரு கேட்டா? யாரு கேட்டா?
குதிச்சான்னது பச்சப் பொய்யி —
யாரு கேட்டா? யாரு கேட்டா?

இதில் யார் பெயரும் இல்லை. எந்தக் கம்பெனி, யாருடைய பஸ் என்றும் இல்லை. திட்டியிருப்பது என்னைத்தான்.

இப்போது இங்கே நாலு பேர் கூடி மைக் பிடிக்க வேண்டும் என்றால் வார்டு ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். மேடையில் சொல்லப் போகிற ஒவ்வொரு வரியையும் பர்மிய அர்த்தத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். யார் யார் மேடை ஏறுகிறார்கள் என்று அடையாள அட்டை நகலும் கொடுக்க வேண்டும். இதில் தப்பு நடந்தால் மாட்டுவது சங்கம். அதனால் எல்லாருக்கும் அந்த ஆபீஸ் என்றால் பயம். நான் என் கையால் இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் பர்மியமுமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு முழுவதும் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க," என்றார். "குடுத்துப் பார்ப்போம்."

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர்க் குழாய் சாமான் கடை வைத்திருக்கிற மனிதர். எங்கள் அம்மா செத்தது, ஊரில் யாரும் வெளியே வரப் பயந்த நாட்களில். அம்மாவைத் தூக்க வந்த நாலு பேரில் இவர் ஒருவர். அதை நான் மறக்கவில்லை. அவர் சொன்னதைச் சந்தேகிக்காமல் நம்பியதற்கும் அதுதான் காரணம்.

விழா அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் மண்டப முற்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரை இழுத்து வந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தோரணம் கட்டினேன். செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் என் காகிதத்தின் நகல். அந்த நாலு வரியின் மேல் நீல மையில் குறுக்காக ஒரு கோடு.

"மேல இருந்து வெட்டிட்டாங்கம்மா."

"யாரு?"

"யாருன்னா என்னா அர்த்தம்? ஆபீஸ்லதான். விபத்து, சாவு இதெல்லாம் விழாவுல வேணாங்கிறாங்க."

"நான் போயி கேக்கறேன். இங்கதானே இருக்கு, நடந்து போயிட்டு வந்துடுவேன்."

"போயி?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ யாரு, எந்த கம்பெனி, அந்த பஸ்ஸுல யாரெல்லாம் இருந்தான்னு அவங்க திருப்பிக் கேப்பாங்க. விழாவே நின்னு போகும். அம்பது புள்ளைங்க காலையில இருந்து பவுடர் பூசிக்கிட்டு நிக்குதுங்க. பாத்தியா?"

பார்த்தேன். கும்மிப் பிள்ளைகள் பாவாடை கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"இன்னைக்கு அந்தப் பொண்ணோட தங்கச்சி வருதுண்ணே. நான் வரச் சொல்லியிருக்கேன்."

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். யதே, யதே," என்றார். பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு இது. பிறகு இன்னொரு காகிதத்தை நீட்டினார். இன்ன வரிகளை நானே நீக்கிக்கொள்கிறேன் என்று பர்மியத்தில் தட்டச்சு செய்திருந்தது. "இதுல ஒரு கையெழுத்து. ஆபீஸ்ல கேட்டா காட்டணும்."

போட்டேன். கம்பெனியில் ஒரு சட்டைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று தடவை புரட்டிப் பார்க்கிறவள், இதைப் புரட்டிப் பார்க்காமல் போட்டேன். அவர் காட்டிய நகலில் முத்திரை இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. வார்டு ஆபீஸ் என்று சொன்னதும் என் மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இங்கே இருக்கிற யாருக்கும் அப்படித்தான் ஆகும். அது அவருக்குத் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் தங்கை வந்துவிட்டாள். கூட இன்னொரு அம்மா. இங்கே பெண்கள் கட்டுகிற பட்டு லுங்கி, தலையில் பூ. அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு. தெருவில் முதலில் கதை கட்டியதே இந்த அம்மாதான் என்று தங்கை என் காதில் சொன்னாள். "வேணும்னுதான் கூட்டிட்டு வந்தேன். இவங்க கேட்டா தெருவே கேட்ட மாதிரி."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், வரிகளை வெட்டிவிட்டார்கள் என்று. "சாப்ட்டீங்களா?" என்றுதான் கேட்டேன். பந்தியில் இடம் பார்த்து உட்கார வைத்தேன். அவளுக்குப் பாயசம் ஊற்றிவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன். மூன்று பெண்களையும் கூப்பிட்டு, அந்த நாலு வரி இல்லை, கேன்டீனைப் பற்றிய வரி முடிந்ததும் நேராகச் சம்பள நாளைப் பற்றிய வரிக்குப் போகிறோம் என்றேன்.

"ஏன்?" என்றார் டீச்சர்.

"வெட்டிட்டாங்க."

சோற்றுக்கடை அக்கா முகத்தைச் சுளித்தார். "அதானே உசிர்? அதை எடுத்துட்டா மிச்சம் என்னா, கேன்டீன் சோறா?"

அதற்குள் மைக்கில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று பெண்களிடம் சொன்னேன். உறுமி அண்ணனிடம் சொல்லவில்லை. என் தப்பு அதுதான். அவர் மேடையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தார். வரியைக் கேட்காமல் அடியை எண்ணுகிறவர் என்று தெரிந்தும் மறந்துவிட்டேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் போனது. காலையில் குளிக்கத் தண்ணீர் வராதது, ஃபெரிக்கு ஓடுகிறது, ஒற்றைச் சீட்டில் மூன்று பேர் உட்காருகிறது. "ஆமா, ஆமா" என்று முற்றம் முழுவதும் பதில் வந்தது. பஸ் முதலாளி முன்வரிசையில் வயிறு குலுங்கச் சிரித்தார். தங்கை நாலாவது வரிசை ஓரத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு அம்மா பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

கேன்டீன் வரி முடிந்தது. நான் சம்பள நாளுக்கு வாயைத் திறந்தேன். உறுமி இழுக்க ஆரம்பித்தது.

அந்த நாலு வரிக்கான இழுப்பு அது. ஒன்றரை மாதம் ஒத்திகை பார்த்தது. சம்பள நாள் வரி அந்தத் தாளத்தில் உட்காராது. நான் நின்றுவிட்டேன். என் பின்னால் நின்ற மூன்று பேரும், சற்று முன்னால்தான் தலையாட்டியவர்கள், உறுமியைக் கேட்டதும் தன்னால் பதில் சொன்னார்கள்.

"யாரு கேட்டா? யாரு கேட்டா?"

நான் எதுவும் சொல்லவே இல்லை. பதில் மட்டும் போனது. உறுமி மறுபடி இழுத்தது. மறுபடி, "யாரு கேட்டா?" நான் உறுமிக்காரரைப் பார்த்துக் கையாட்டினேன். அவர் கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவைக்குக் கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. நான் வரியை மறந்துவிட்டேன் என்று நினைத்தார்கள். யாரோ பின்னால் இருந்து, "அக்கா, ஃபெரி போயிடுச்சு, ஓடுங்க!" என்று கத்தினார்கள். இன்னும் பெரிய சிரிப்பு. நாலாவது "யாரு கேட்டா?" அந்தச் சிரிப்பில் முங்கியது.

மைக் என் கையில் இருந்தது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். நாலு வரிதான். வார்டு ஆபீஸ் ஆள் முன்வரிசை ஓரத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பவுடர் பூசிய பிள்ளைகள் மேடை ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லவில்லை. சம்பள நாள் வரியைச் சொல்லி முடித்துவிட்டு இறங்கினேன். இறங்கும்போது நாலாவது வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் டீ கொடுக்கிற இடத்தில் வார்டு ஆபீஸ் ஆள் என்னிடம் வந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர், பர்மாக்காரர். "அமா," என்றார். பர்மியத்தில் அக்கா என்று அர்த்தம். அவர் பேசியது பர்மியம்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.

"அமா, அந்தக் கயிறு வரியை ஏன் சொல்லல? காகிதத்தோட சேர்த்துப் பார்த்துக்கிட்டு அதுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

"நீங்கதானே வெட்டினீங்க?"

"நாங்களா?" அவர் ஃபைலைப் பிரித்தார். என் கையெழுத்தில் என் காகிதம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் பர்மியம். கீழே ஊதா முத்திரை. எந்த வரியிலும் கோடு இல்லை. "என் பொண்டாட்டியும் ஃபெரியிலதான் போறா. வீட்டுல படிச்சுக் காட்டினேன். அவங்க பஸ்லயும் கயிறுதான் அப்படீன்னா."

அவர் டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சங்கத்துக்குள் சண்டை என்று புரிந்திருக்க வேண்டும்.

செயலாளர் தாம்பாளத்தில் பொன்னாடையை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். பஸ் முதலாளிக்குப் போர்த்துவதற்கு.

"அண்ணே, ஆபீஸ் காகிதத்தைப் பார்த்தேன். கோடே இல்ல."

அவர் நிமிரவில்லை. "மெல்லப் பேசு. ஆள் இருக்காங்க."

"மெல்லப் பேசவா என்னை மேடைக்குக் கூப்பிட்டீங்க? கோடு போட்டது யாரு?"

"நீ கையெழுத்துப் போட்டிருக்க. நீயா எடுத்துக்கிட்டதா."

"கோடு போட்டது யாரு?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "மேல பாரு. பாரு மேல. அந்தக் கூரை யாரு போட்டது? போன மழையில இங்க முழங்கால் தண்ணி. வருஷத்துல ஒரு நாள் நம்ம புள்ளைங்க தமிழ்ல வாயைத் தொறக்குதுங்க, அதுக்கு ஒரு இடம் வேணுமா வேணாமா? அந்த மனுஷனை முன்னால உக்கார வெச்சு, உன் பஸ்ஸுல கயிறு, உன் டிரைவர் பொய்யின்னு நீ கத்துவ. அப்புறம் அடுத்த வருஷம் எங்க நின்னு கத்துவ?"

"அவர் வெட்டச் சொன்னாரா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேணாம்."

"அப்போ ஆபீஸ் பேரை ஏன் சொன்னீங்க?"

"வேற எப்படிச் சொன்னா நீ கேப்ப?"

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. குழாயில் எந்த சைஸ் வாஷர் பொருந்தும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு, "உங்கம்மாவைத் தூக்கின தோள் இது, மறந்துட்டியா?" என்றார்.

அவர் சொன்னது உண்மை.

நான் மேடை ஏறினேன். எனக்கு அடுத்து ஆடிய பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். மைக்கைப் பிடித்து, "ஒரு நிமிஷம்," என்றேன். அந்த இரண்டு சொல் வெளியே வந்தது. மூன்றாவது வரவில்லை. மைக் செத்துப் போனது. ஜெனரேட்டர் சத்தமும் நின்றது. மைக்செட்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "டீசல் தீந்துருச்சு," என்றார். ஜனங்கள் எழுந்து பேச ஆரம்பித்தார்கள். கத்தினேன். முன்னால் இருந்த கும்மிப் பிள்ளைகளுக்கு மட்டும் கேட்டது, அவர்கள் பயந்து விழித்தார்கள். பத்து நிமிஷம் கழித்துப் பொன்னாடை போர்த்த ஜெனரேட்டர் ஓடியதாம். டீச்சர் பிறகு சொன்னார். நான் அதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் இருந்தார்கள். தங்கை எழுந்து நிற்கவில்லை.

"எங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க இல்ல அக்கா?"

"உங்களை இல்ல. என்னைப் பார்த்து." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கோடு, கையெழுத்து, முத்திரை. எதிர்வீட்டு அம்மா பக்கம் திரும்பி, "குதிக்கல. நான்தான் கட்டினேன். ஒரு முடிச்சுதான் போட்டேன். அவிழ்ந்துச்சு," என்றேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவு சத்தமாகச் சொன்னேன்.

அந்த அம்மா விதைத் தோலைத் துப்பினார். "பஸ் ஸ்டாப்புல யாரு வேணா என்னா வேணா சொல்லலாம். மைக்கைக் கையில வெச்சிருந்தப்ப சொல்லலையே."

தங்கை அந்த அம்மாவை முறைத்தாள். ஆனால் என்னிடம் திரும்பியபோது அவள் குரலும் அதேதான். "எனக்குத் தெரியும் அக்கா. நீங்க அன்னைக்கே சொல்லிட்டீங்க. நான் வந்தது எனக்காக இல்ல. எங்கம்மா வாசலைத் தாண்டணும். அதுக்கு மேடையில வேணும். எல்லாரும் இருக்கறப்ப வேணும்."

தன்லியின் பஸ் வந்தது. அவள் ஏறினாள். ஏறியதும் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அதில் தாழ்ப்பாள் இருந்தது.

விழாவுக்குப் பிறகு செயலாளர் இரண்டு பேரை என்னிடம் அனுப்பினார். ஒருவர், சங்கத்து விஷயம் சங்கத்துக்குள்ளே இருக்கட்டும் என்றார். இன்னொருவர், அடுத்த வருஷம் எனக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் நேரம் தருவதாகச் சொன்னார். ஜனங்கள் முழித்திருக்கிற நேரமாம். அவருக்கு டீ கொடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு கோயிலில் என்னைப் பார்த்தால் செயலாளர் செருப்பைத் தேடுகிறார். என் குழுவில் டீச்சர் விலகிக்கொண்டார். வகுப்பு நடப்பது அதே மண்டபத்தில், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சோற்றுக்கடை அக்கா விலகவில்லை. உறுமி அண்ணன் என் வீட்டுக்கு வந்து, "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாத்தி அடிச்சிருப்பேனே," என்று வருத்தப்பட்டார். மாற்றி அடிக்காமல் இருந்ததே நல்லது என்றேன். அவர் மாற்றி அடித்திருந்தால் அங்கே ஒன்று காணாமல் போனது யாருக்குமே தெரிந்திருக்காது.

செயலாளர் அண்ணே, நான் போட்ட முடிச்சு சரியில்லை. ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்ததும் என் தப்பு. மைக் கையில் இருந்தும் வாயை மூடியது என் தப்பு. மூன்றையும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். சங்கத்தின் பொங்கல் கூட்டம் அதே மண்டபத்தில், அதே கூரைக்குக் கீழே நடக்கப் போகிறது. நான் வருவேன். தன்லியினிலிருந்து அந்தத் தங்கையையும் எதிர்வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன். நான் என் நாலு வரியைச் சொல்வேன். அதற்கு முன்னால் நீங்கள் மேடை ஏறி, மைக்கைப் பிடித்து, பஸ் முதலாளி உட்கார்ந்திருக்கும்போதே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆள் அனுப்ப வேண்டாம். என்னைத் தனியாகக் கூப்பிட வேண்டாம். டீசல் நான் வாங்கி வருகிறேன்.

அந்த நீலக் கோட்டைப் போட்டது யார்?